கொசு எந்தப் பக்கம்? – கேட்டு விளையாடும் கணினி ஆட்டம் செய்வோம்

எட்டாம் வகுப்புக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பாடவேளை என்றால், மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வரிசையாக நின்றுவிடுவார்கள். கணினிகள் பத்து, பிள்ளைகள் நாற்பது பேர். ஒரு கணினிக்கு நால்வர். அன்றைக்கு ஸ்கிராட்ச் மென்பொருளில் பூனையை நடக்கவைக்கும் பயிற்சி.

அந்த வகுப்பில் பார்வை முற்றிலும் இல்லாத மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஆய்வகத்துக்கு வரும்போதெல்லாம் அவளுக்கென்று ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தேன்: ஓரத்து நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒலிவடிவில் ஏதாவது ஒரு பாடம். மற்றவர்கள் செய்வார்கள், அவள் கேட்பாள். அது நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பக்கத்துக் கணினியில் கூச்சல் எழுந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: “சார், பூனை ஓடுது ஓடுதுன்னு கத்துறாங்க. எனக்குச் சத்தமே வரலையே?”

என்னிடம் பதில் இல்லை. பூனை சத்தமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சத்தம் கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி ஏழு பாடவேளைகளில் நாங்கள் செய்த ஓர் ஆட்டத்தைப் பற்றியது இக்கட்டுரை. நான் அறிவியல் ஆசிரியர். கணினி அறிவியல் படித்தவனல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கு ஒரு வாரம் முன்னால் நானே கற்றுக்கொண்டு போய் நிற்பவன். ஆகவே, என்னால் முடிந்தது எந்த ஆசிரியராலும் முடியும்.

கேட்டு விளையாடுவது புதிதல்ல

காதை நம்பி விளையாடுவது நமக்குப் பழகியதுதான். கண்ணாமூச்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டவர் கைதட்டலையும் காலடியையும் சிரிப்பையும் வைத்துத்தானே ஆளைப் பிடிக்கிறார்? பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் சிறு குண்டுகள் இருக்கும். பந்து உருளும்போது அவை கலகலக்கும். அதைக் கேட்டு மட்டையைச் சுழற்றுவார்கள். அந்த ஆட்டத்தின் முதல் உலகக்கோப்பை 1998இல் புதுதில்லியில்தான் நடந்தது. இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் ஐரோப்பாவில் உருவான கோல்பால் ஆட்டத்தில் பந்துக்குள் மணிகள் இருக்கும். எல்லா வீரர்களும் கண்ணை மறைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்பது அதன் விதி. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பார்வையாளர்கள் சத்தம் போடக் கூடாது.

கணினி ஆட்டங்களிலும் இப்படி உண்டு. 1997இல் ஜப்பானில் செகா சாட்டர்ன் கருவிக்காக ‘ரியல் சவுண்ட்’ என்ற தலைப்பில் ஓர் ஆட்டம் வந்தது. கதை முழுவதும் ஒலியில்தான் நடக்கும். 2010இல் ஐபோனுக்கு வந்த ‘பாப்பா சாங்ரே’, 2015இல் பிரான்சிலிருந்து வந்த ‘எ பிளைண்ட் லெஜண்ட்’ ஆகியவையும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் வரும் திசையைக் கேட்டு ஆடும் ஆட்டங்கள்.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, அவள் கேட்டது ஒன்றுதான்: “நம்ம செய்ய முடியுமா சார்?”

முதலில் மைதானத்தில்

கணினியைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை உடம்பால் ஆடிப் பார்ப்பது நல்லது. வேப்பமரத்தடியில் ஒருவரைக் கண்ணைக் கட்டி நிற்கவைத்தோம். மற்றொருவர் கொசு. அவர் சத்தமில்லாமல் நடந்து வந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ நின்று ‘ங்ங்ங்’ என்று ரீங்காரம் இடுவார். நிற்பவர் அந்தப் பக்கக் கையைத் தட்ட வேண்டும். சரியென்றால் கொசு செத்தது. தவறென்றால் கொசு கடித்தது.

ஆட்டம் எதுவாக இருக்கலாம் என்று கேட்டபோது குதிரை, ரயில், பாம்பு என்று பலவும் சொன்னார்கள். கொசுவே வென்றது. அதை எல்லாரும் இருட்டில் காதால் மட்டுமே தேடியிருக்கிறோம் அல்லவா?

ஆடிப் பார்த்ததில் மூன்று விதிகளைப் பிள்ளைகளே எழுதினார்கள்.

1. கொசு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியக் கூடாது.
2. நெருங்க நெருங்கச் சத்தம் கூட வேண்டும்.
3. அடித்தது பட்டதா இல்லையா என்று உடனே சொல்ல வேண்டும்.

மூன்றாவது விதி அவள் சொன்னது. “கொசு எந்தப் பக்கம்னு தெரியுது. ஆனா நான் அடிச்சது பட்டுச்சா இல்லையான்னு யாரு சொல்றது? நீங்கல்லாம் பாத்துக்குவீங்க.” இந்த மூன்று வரிகளே பின்னால் எங்கள் நிரலின் எலும்புக்கூடு ஆயின. அவள் அவற்றைப் பிரெயில் பலகையில் குத்திவைத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்குக் காது தானாகவே கூர்மையாகிவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மைதானத்தில் முதல் சுற்றில் அவள் மூன்று முறை தோற்றாள், மற்றவர்களைப் போலவே. தோற்கவும் வெல்லவும் இடம் இருந்தால்தான் அது ஆட்டம்.

இரண்டு காதுகளின் கணக்கு

முன்னால் நின்று ரீங்காரமிட்ட கொசுவையும் பின்னால் நின்ற கொசுவையும் பலரால் பிரித்தறிய முடியவில்லை. இடம் வலம் மட்டும் எளிதாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் பாடம் இருப்பதால் இது பாடத்துக்குள் இருக்கும் கேள்விதான்.

20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. இரு காதுகளுக்கும் இடையே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர் இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி இடது காதுக்கு முதலில் போய், வலது காதுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகும். 0.20ஐ 343ஆல் வகுத்தால் சுமார் 0.0006 நொடி. பத்தாயிரத்தில் ஆறு பங்கு. அந்தச் சிறு இடைவெளியை மூளை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதோடு, தலை நடுவில் தடுப்பதால் அந்தப் பக்கக் காதுக்கு உரப்பும் சற்றுக் குறைகிறது. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வரும் ஒலிகள் இரு காதுகளையும் ஒரே நேரத்தில் அடைகின்றன. அதனால்தான் குழப்பம்.

ஆகவே எங்கள் கணினிக் கொசுவுக்கு முன்பின் வேண்டாம், இடம் வலம் போதும் என்று முடிவெடுத்தோம். ஸ்கிராட்சில் இதற்கென்றே ஒரு விளைவு உண்டு. ‘பேன் லெஃப்ட் ரைட்’ என்று அதற்குப் பெயர். அதன் மதிப்பு -100 என்றால் ஒலி இடது காதில் மட்டும் கேட்கும். 100 என்றால் வலது காதில் மட்டும். 0 என்றால் இரு காதுகளிலும் சமமாக.

தேவையானவை

ஸ்கிராட்ச் 3 மென்பொருள் இலவசம். அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007இல் வெளியானது. மூன்றாம் பதிப்பு 2019இல் வந்தது. கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலேயே இயங்கும். இதனுடன் ஒரு ஹெட்போன், ஒரு மைக். மைக் இல்லாத ஆய்வகத்தில் கைபேசியில் பதிவுசெய்து, எம்பி3 கோப்பாகக் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்குமுன் ஒரு முன்சோதனை செய்யுங்கள். ‘இடது’ என்று ஒரு சொல்லைப் பதிவுசெய்து -100இல் ஒலிக்கவிடுங்கள். ‘வலது’ என்பதை 100இல் ஒலிக்கவிடுங்கள். இரண்டும் இரு காதுகளிலும் கேட்டால், விண்டோஸ் அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’ இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். மாறிக் கேட்டால் ஹெட்போனைத் திருப்பி மாட்டியிருக்கிறோம் என்று பொருள். எங்கள் ஹெட்போனின் இடப்பக்கத்தில் ஒரு ரப்பர் வளையம் சுற்றிவைத்தோம். தடவினாலே தெரிந்துவிடும். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் திசைக்குப் பதிலாகச் சுருதியை வைத்துக்கொள்ளலாம். தாழ்ந்த ஒலி ஒரு விசைக்கு, உயர்ந்த ஒலி மற்றொன்றுக்கு.

ஒலிகளைப் பதிவுசெய்தல்

ஸ்கிராட்சில் எழுத்தைப் பேச்சாக மாற்றும் வசதி உண்டு. ஆனால் அதற்கு இணையம் வேண்டும். நாங்கள் எங்கள் குரலையே நம்பினோம். ‘சவுண்ட்ஸ்’ பகுதிக்குப் போனால் பதிவுசெய்யும் பொத்தான் இருக்கும். பதிவின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை அங்கேயே வெட்டிவிடலாம். நாங்கள் பதிவுசெய்தவை:

• விதி – “கொசு இடப்பக்கம் வந்தால் எஃப், வலப்பக்கம் வந்தால் ஜே. தொடங்க ஸ்பேஸ் பட்டையை அழுத்தவும்.”
• கொசு – ‘ங்ங்ங்’ என்ற ரீங்காரம், மூச்சுவிடாமல் ஐந்து நொடி.
• அடி – ஒரு கைதட்டல்.
• கடி – “ஐயோ, கடிச்சிடுச்சு!”
• முடிவு – “ஆட்டம் முடிந்தது. நீங்கள் அடித்த கொசுக்கள்...”
• எண்கள் – பூச்சியம் முதல் இருபது வரை, ஒவ்வொன்றும் தனி ஒலியாக. ஒலியின் பெயர் 0, 1, 2 என்று எண்ணாகவே இருக்கட்டும்.

ரீங்காரத்துக்கு வகுப்பிலேயே போட்டி நடந்தது. வழக்கமாக வாய் திறக்காத ஒரு பையன்தான் வென்றான். அவன் குரல்தான் இன்றைக்கும் எங்கள் கொசு.

நிரல், படிப்படியாக

முதலில் நான்கு மாறிகளை உருவாக்குங்கள்: பக்கம், விடை, மதிப்பெண், உயிர். பிறகு மூன்று நிரல் தொகுப்புகள்.

முதல் இரண்டும் சிறியவை. ‘எஃப் விசை அழுத்தப்படும்போது’ என்ற தலைக்கட்டையின் கீழ், ‘விடை 0 எனில், விடையை 1 ஆக்கு’ என்று வையுங்கள். அதேபோல் ஜே விசைக்கு, ‘விடை 0 எனில், விடையை 2 ஆக்கு’. விடை 0 ஆக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனை எதற்கு? ஒரு கொசுவுக்கு முதல் அடிதான் கணக்கு. மாற்றி மாற்றி அடிப்பதற்கு இடமில்லை.

மூன்றாவது தொகுப்பு பச்சைக்கொடியில் தொடங்கும். அதன் கீழ் ‘எப்போதும்’ என்ற சுழல். சுழலுக்குள்:

படி 1: மதிப்பெண்ணை 0 ஆகவும் உயிரை 3 ஆகவும் வை. பேன் 0, ஒலியளவு 100.

படி 2: ‘விதி’ ஒலியைத் தொடங்கு. ஸ்பேஸ் அழுத்தப்படும்வரை காத்திரு. பிறகு எல்லா ஒலிகளையும் நிறுத்து.

படி 3: உயிர் 0 ஆகும்வரை படி 4 முதல் 8 வரை திரும்பச் செய்.

படி 4: 1.0 முதல் 3.0 நொடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திரு. புள்ளியுடன் எழுதுவது முக்கியம். 1, 3 என்று முழு எண்களாகக் கொடுத்தால் ஸ்கிராட்ச் 1, 2, 3 ஆகியவற்றில் ஒன்றைத்தான் எடுக்கும். பிள்ளைகள் நான்கு கொசுவுக்குள் தாளத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 5: எஃப், ஜே இரண்டும் அழுத்தப்படாத நிலை வரும்வரை காத்திரு. பின் விடையை 0 ஆக்கு.

படி 6: பக்கத்தை 1 அல்லது 2 எனத் தற்செயலாகத் தேர்ந்தெடு. 1 எனில் பேன் -100, இல்லையெனில் 100. ஒலியளவை 20 ஆக்கு. கடிகாரத்தைப் பூச்சியமாக்கு. ‘கொசு’ ஒலியைத் தொடங்கு. இங்கே ‘முடியும்வரை ஒலி’ என்ற கட்டையைப் போட்டுவிடக் கூடாது. போட்டால் ரீங்காரம் முடியும்வரை நிரல் அங்கேயே நிற்கும்.

படி 7: விடை 0ஐவிடப் பெரிதாகும்வரை அல்லது கடிகாரம் 4ஐத் தாண்டும்வரை, ஒலியளவை 2 கூட்டு, 0.1 நொடி காத்திரு. நான்கு நொடியில் சுமார் நாற்பது முறை கூடினால் 20லிருந்து 100ஐ நெருங்கும். இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

படி 8: எல்லா ஒலிகளையும் நிறுத்து. பேன் 0, ஒலியளவு 100. விடையும் பக்கமும் சமம் எனில் மதிப்பெண்ணில் 1 கூட்டி, ‘அடி’யை முடியும்வரை ஒலி. இல்லையெனில் உயிரில் 1 குறைத்து, ‘கடி’யை முடியும்வரை ஒலி.

படி 9: உயிர் தீர்ந்ததும் ‘முடிவு’ ஒலி. அடுத்து, ஒலியின் பெயர் இருக்கும் இடத்தில் ‘ஜாயின்’ கட்டையைப் போட்டு, அதன் முதல் இடத்தில் ‘மதிப்பெண்’ மாறியை இழுத்துப் போட்டு, இரண்டாம் இடத்தைக் காலியாக விட்டு, முடியும்வரை ஒலி. மதிப்பெண் 7 என்றால் 7 என்று பெயரிட்ட ஒலி தானே வரும்.

இவ்வளவுதான். திரையில் பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும்.

அவள் கண்டுபிடித்த பிழைகள்

மேலே உள்ள நிரல் முதல் நாளே இப்படி அமைந்துவிடவில்லை. நான் செய்துகொண்டுபோன முதல் வடிவத்தில் ஏழெட்டுக் குறைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவள் அவள்தான். சில உங்களுக்கும் நேரக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அம்பு விசைகளை வைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு முறையும் விசைப்பலகையைத் தடவித் தேடினாள். அதற்குள் கொசு கடித்துவிட்டது. “சார், இந்த ரெண்டு விசையில மட்டும் மேடு இருக்கே, இதை வச்சுக்கலாமா?” என்றாள். எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருப்பது எனக்குத் தெரியும். அது எதற்கு என்று இத்தனை ஆண்டுகளில் நான் யோசித்ததில்லை.

விதியை முதலில் ‘முடியும்வரை ஒலி’ என்று வைத்திருந்தேன். மூன்றாம் ஆட்டத்தில் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “தெரிஞ்சதையே எத்தனை தடவை சொல்வீங்க?” வகுப்பில் என் பாடத்தைப் பற்றியும் பிள்ளைகள் இப்படித்தான் நினைப்பார்களோ என்று தோன்றியது. அதனால் வந்ததுதான் படி 2.

அவள் விசையிலிருந்து விரலை எடுக்காமல் இருந்தபோது, அடுத்த கொசு வந்த உடனேயே கடித்தது, அல்லது தானாகச் செத்தது. விசை அழுத்தியபடியே இருந்தால் கணினி அதை மறுபடி மறுபடி அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். படி 5 அதற்காக.

‘கடி’ ஒலி சில நேரம் ஒரு காதில் மட்டும் கேட்டது. கொசுவுக்கு வைத்த பேன் மதிப்பை நான் திரும்ப 0 ஆக்கவில்லை. அவள் சொன்னாள்: “எந்தப் பக்கம் கடிச்சதுன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன் சார்.” அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் குழப்பம் வேண்டாம் என்று படி 8இல் திருத்தினோம்.

வகுப்பு விரும்பியதால் பின்னணியில் ஒரு மெட்டைச் சேர்த்திருந்தோம். அவள் அதை எடுக்கச் சொன்னாள். மற்றவர்களுக்கு வருத்தம். “உங்க திரையில கறுப்புத் துணியைப் போட்டா ஆடுவீங்களா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு மெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு பிழையை மட்டும் இருவரும் சேர்ந்து அரைமணி நேரம் தேடினோம். எஃப் விசை வேலையே செய்யவில்லை. கணினியில் என்விடிஏ திரைவாசிப்பான் இயங்கிக்கொண்டிருந்தது. உலாவும் நிலையில் அது எழுத்து விசைகளைத் தன் கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும். இன்செர்ட் விசையுடன் ஸ்பேஸை அழுத்தி நிலையை மாற்றியதும் சரியாயிற்று. அதேபோல் தமிழ் 99 விசைப்பலகை இயக்கத்தில் இருந்தால் எஃப் புள்ளியாகவும் ஜே ‘ப’ ஆகவும் போய்விடும். ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒலியியல் பாடத்துடன் இணைத்தல்

ஆட்டம் ஓடத் தொடங்கியபின் பாடத்துக்குத் திரும்பினேன். ஒலியளவு கூடும்போது மாறுவது எது? வீச்சு. அதனால் உரப்பு கூடுகிறது. ‘பிட்ச்’ என்ற விளைவைக் கூட்டினால் மாறுவது எது? அதிர்வெண். அதனால் சுருதி உயர்கிறது. ஸ்கிராட்சில் பிட்ச் மதிப்பை 120 கூட்டினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். இசையில் ஒரு ஸ்தாயி மேலே.

பிட்சை 120 ஆக்கியபோது இன்னொன்றும் நடந்தது. ஐந்து நொடி ரீங்காரம் இரண்டரை நொடியில் நின்றுபோய், கொசு வந்தவழியே திரும்பிவிட்டதுபோல் அமைதியானது. ஸ்கிராட்ச் சுருதியை உயர்த்துவதே பதிவை வேகமாக ஓட்டித்தான். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடினால் நேரம் பாதியாகும். அதிர்வெண்ணுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைப்பதைவிட, நின்றுபோன கொசு நன்றாகப் புரியவைத்தது. ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் வந்தது. கொசு வாயால் பாடவில்லை. நொடிக்குச் சில நூறு முறை அடிக்கும் இறக்கைகளின் அதிர்வைத்தான் நாம் கேட்கிறோம்.

அவளே எழுத வேண்டும்

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை இருந்தது. அவள் ஆட்டத்தை வடிவமைத்தாள், சோதித்தாள், திருத்தினாள். ஆனால் கட்டைகளை இழுத்து வைத்தது அவளுடைய தோழி. ஸ்கிராட்சில் கட்டைகளைக் கண்ணால் பார்த்துச் சுட்டியால்தான் இழுக்க வேண்டும். திரைவாசிப்பான் அவற்றை வாசித்துக் காட்டாது. இணை வேலை நல்லதுதான். ஆனாலும் எத்தனை நாள் இன்னொருவர் கையையே நம்பியிருப்பது?

இதற்கு எழுத்தில் எழுதும் நிரல்மொழி வேண்டும். பைதான் இலவசம். எழுத்தாக இருப்பதால் திரைவாசிப்பான் ஒவ்வொரு வரியையும் வாசிக்கும். என்விடிஏயும் இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்கிய திட்டம். பைதானுடன் வரும் எழுதும் சாளரம் திரைவாசிப்பானுக்கு ஒத்துவருவதில்லை. நோட்பேடில் எழுதிச் சேமித்து, கட்டளைச் சாளரத்தில் இயக்கினோம். பைதானில் வரியின் தொடக்க இடைவெளிக்குப் பொருள் உண்டு. என்விடிஏ அமைப்புகளில் வரித்தொடக்க இடைவெளியை அறிவிக்கச் சொல்லிவிட்டால், அது அதையும் சொல்லும்.

விண்டோஸில் பைதானுடனேயே ‘விண்சவுண்ட்’ என்ற தொகுப்பு வந்துவிடுகிறது. அதில் ‘பீப்’ என்ற கட்டளைக்கு இரண்டு எண்கள் போதும்: எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை மில்லிநொடி. எங்கள் முதல் நிரல் இதுதான். 1 அல்லது 2 என ஓர் எண்ணைத் தற்செயலாக எடு. 1 எனில் 300 ஹெர்ட்ஸில் அரை நொடி ஒலி, 2 எனில் 600 ஹெர்ட்ஸில் ஒலி. தாழ்ந்ததா, உயர்ந்ததா என்று கேள். விடையை வாங்கு. சரியெனில் ‘சரி’, இல்லையெனில் ‘தவறு’ என்று எழுது. திரைவாசிப்பான் அதை வாசித்துவிடும். பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

இதற்கு அவளுக்கு இரண்டு பாடவேளைகள் பிடித்தன. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர், விசைப்பலகையில் அடைப்புக்குறிகள் இருக்கும் இடங்களை முன்பே பழக்கியிருந்ததால் அவ்வளவில் முடிந்தது. முதல் ‘பீப்’ வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. 300ஐ அழித்துவிட்டு 400 போட்டாள். பிறகு 500. பாடவேளை முடியும்வரை எண்களை மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொசு ஆட்டத்தை முழுவதும் பைதானில் எழுத வேண்டும் என்பது அவளுடைய அடுத்த திட்டம். அது இன்னும் முடியவில்லை.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

பாடவேளைகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் மைதானத்தில் ஆட்டமும் விதிகளும். இரண்டாம் நாள் இரு காதுகளின் கணக்கும் ஹெட்போன் சோதனையும். மூன்றாம் நாள் ஒலிப்பதிவு. நான்காம் நாள் ஒரே ஒரு கொசு மட்டும் வரும் நிரல், அதாவது படி 6 முதல் 8 வரை. ஐந்தாம் நாள் மீதிப் படிகள். கடைசி இரண்டு நாள் ஆடுவதும் திருத்துவதும் அல்லது பைதானில் முதல் அடியும். ஒரே நாளில் முழு நிரலையும் கொடுத்தால் பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். பிழை வந்தால் எங்கே என்று தெரியாது.

மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவும் தங்கள் ஆட்டத்தை மற்றொரு குழுவுக்குக் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளை எழுதித் திருத்தட்டும். எந்தக் குறையை எந்தப் படியில் சரிசெய்தோம் என்ற குறிப்பே வளரறி மதிப்பீட்டுக்குப் போதுமான சான்று.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், முதல் நாளிலிருந்தே அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் செய்து முடித்தபின் அவருக்குக் காட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் முதல் வடிவத்தைத் தனியாகச் செய்துகொண்டு போனேன். அதில்தான் அத்தனை பிழைகளும் இருந்தன. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். கவனித்துக் கேட்பது எல்லாருக்கும் வேண்டிய பழக்கம்.

ஏழாவது பாடவேளையில் பத்துக் கணினிகளிலும் ஆட்டம் தயாராக இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே ஆடியவர்களில் சிலர், மாறிகளின் மதிப்பு திரையில் தெரிவதை வைத்துக் கொசுவின் பக்கத்தை முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள். ‘பக்கம் 2’ என்று திரையிலேயே எழுதியிருந்தால் யார்தான் கேட்பார்கள்? பின்வரிசையிலிருந்து அவள் சொன்னாள்: “சார், எல்லாரையும் திரையை அணைக்கச் சொல்லுங்க.”

பத்துத் திரைகளும் அணைந்தன. நாற்பது பேரும் முறைவைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். முறைக்குக் காத்திருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று அதிக மதிப்பெண் எடுத்தது அவளல்ல, ரீங்காரம் கொடுத்த பையன். பதினான்கு கொசு. அவள் பன்னிரண்டு. “கொசு அவன் குரல்ல இருக்கு, அதான் அவனுக்குத் தெரியுது” என்று வழக்காடிவிட்டு, அடுத்த வாரம் ரீங்காரத்தைத் தன் குரலில் மாற்ற வேண்டும் என்று என்னிடம் அனுமதி கேட்டாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.